டைவ் வாட்ச்சின் ஆட்டோமேட்டிக் மூவ்மென்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓட வைப்பது: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவல்லிக்கேணியில் என் மேசைக்கு வாட்ச் வேலை பழக நாலைந்து பேர் வருகிறார்கள். கை நடுங்கி வாட்ச்சைக் கெடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்து கெடுத்தவர்கள்தான் நிறைய. அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். காரணம் மனதில் பதிந்துவிட்டால் வேறு மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) கையில் வந்தாலும் திகைக்க மாட்டீர்கள்.

1. உள்ளே இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விலை உயர்ந்த டைவ் வாட்ச்சுகளில் பலவற்றுக்குள் ஓடுவது ஈ.டி.ஏ. 2824-2, அல்லது அதே அமைப்பில் வரும் செலிட்டா எஸ்.டபிள்யூ. 200-1. இரண்டுக்கும் 25.6 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், மணிக்கு 28,800 துடிப்பு. விலை குறைந்த டைவ் வாட்ச்சுகளில் சீக்கோ குழுமத்தின் என்.எச். 35 அதிகம் வரும். அதற்கு 24 கல் (அச்சு முனைகள் உராயாமல் சுழலப் பதிக்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு. முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும்.

ரோலெக்ஸ் 3135, ஒமேகாவின் கோ-ஆக்சியல் வகை இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலாவதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலே கிடையாது. இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தில் இருக்கும் குட்டி நட்டுகளைத் தனிச் சாவி போட்டுத் திருப்ப வேண்டும். இரண்டாவதில், விசையைத் துடிப்பு துடிப்பாக விடும் எஸ்கேப்மென்ட்டின் அமைப்பே வேறு. எண்ணெய் வைக்கும் முறையும் வேறு.

பழகுவதற்குப் பழைய 17 கல் எச்.எம்.டி. கைச்சாவி வாட்ச் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதை மூன்று முறை பிரித்து மாட்டி ஓட வையுங்கள். அடுத்து ஒரு என்.எச். 35. அதன் பிறகுதான் விலை உயர்ந்தது. வாரண்டி பாக்கி இருக்கும் வாட்ச்சைத் திறக்கவே வேண்டாம்.

2. திறப்பதற்கு முன் அளவெடுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் தாண்டிக் குதிக்கும் படி இது. வாட்ச் வேகமாக ஓடுகிறது என்றதும் பின்மூடியில் கை வைத்துவிடுகிறார்கள். பாதி நேரம் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

முதலில் காந்தம். திசை காட்டும் சின்னக் காம்பஸ் ஒன்றின் அருகே வாட்ச்சைக் கொண்டுபோங்கள். முள் துடித்தாலோ திரும்பினாலோ வாட்ச்சில் காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த கைப்பை, டேப்லெட் உறை என்று வீட்டில் காந்தம் இல்லாத இடமே கிடையாது. பேலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது மாதிரி ஆகிவிடும். நீளம் குறைந்தால் பேலன்ஸ் வேகமாக ஆடும். நாளைக்குச் சில நிமிடங்கள் கூட முந்தும்.

காந்தம் எடுக்கும் கருவியில் பட்டனை அழுத்தியபடியே வாட்ச்சை வைத்து, அழுத்தியபடியே மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்கி, அதன் பிறகு விடுங்கள். வாட்ச் கருவியின் மேல் இருக்கும்போதே பட்டனை விட்டால் புதிதாகக் காந்தம் ஏறும்.

அடுத்தது டைம்கிராபர், அதாவது வாட்ச்சின் துடிப்பை மைக்கில் கேட்டு அளக்கும் கருவி. வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் சாவியை 30, 40 சுற்று கொடுத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, மைக்கில் பொருத்துங்கள். வீச்சைக் கணக்கிடக் கருவி கேட்கும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தைச் சரியாக வைக்க வேண்டும். 2824-க்கும் எஸ்.டபிள்யூ. 200-க்கும் 50 டிகிரி, என்.எச். 35-க்கு 53 டிகிரி. இதைத் தப்பாக வைத்தால் வீச்சு தப்பாகக் காட்டும். நல்ல வாட்ச்சை நோயாளி என்று நினைத்துப் பிரித்துவிடுவீர்கள்.

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண், நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது. இரண்டாவது வீச்சு, அதாவது பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. மூன்றாவது பீட் எரர். இடப்பக்கத் துடிப்புக்கும் வலப்பக்கத் துடிப்புக்கும் உள்ள நேர வித்தியாசம். டயல் மேலே, டயல் கீழே, சாவி மேலே, சாவி கீழே, சாவி இடது என ஐந்து நிலைகளிலும் எடுங்கள். முழுச் சாவியில் டயல் மேலே இருக்கும்போது 270-இலிருந்து 310 டிகிரி வரை வீச்சு இருந்தால் மூவ்மென்ட் ஆரோக்கியமாக இருக்கிறது. 24 மணி நேரம் கழித்து 200-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் தேவை. வீச்சு நன்றாக இருந்து வேகம் மட்டும் தப்பினால் பிரிக்க வேண்டாம், நேராக 10-ஆம் படிக்குப் போங்கள்.

துல்லியத்தை மனதில் வாங்க ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 28,800 என்றால் வினாடிக்கு 8 துடிப்பு, நாளைக்கு 6,91,200. நாளைக்கு ஒரு வினாடி தப்புவது என்றால் அதில் வெறும் 8 துடிப்புதான். ஒரு தூசி போதும்.

3. மேசையும் சென்னைக் காற்றும்

மின்விசிறியை நிறுத்துங்கள். அது தூசியை டயலுக்குக் கொண்டுவரும். சின்ன ஸ்பிரிங்குகளைக் கொண்டுபோகும். நிறுத்தினால் வேர்க்கும், வேர்வை பட்ட எஃகு இரண்டே நாளில் துரு பிடிக்கும். அதனால் ஏ.சி. அறையில், விரலுறை மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது இன்னும் முக்கியம். ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடிய டைவ் வாட்ச் கடலுக்குள் இறங்கிக் குளிர்ந்ததும் கண்ணாடியின் உட்புறம் பனி பூக்கும். தண்ணீர் கசிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். நாமே உள்ளே போட்டு மூடிய ஈரம்தான் அது.

மேசை நெஞ்சு உயரத்தில் இருந்தால் கை ஊன்ற வசதி. மேலே வெள்ளைத்தாள் விரியுங்கள். கண்ணில் இடுக்கும் லென்ஸ், காந்தம் ஏறாத ட்வீசர் இரண்டு, ஸ்க்ரூ டிரைவர் செட், மூடி போட்ட தட்டு, ரோடிகோ என்னும் பச்சைக் களிம்பு ஆகியவை தேவை. பாரிமுனைப் பக்கம் வாட்ச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கல்லில் தீட்டி, ஸ்க்ரூவின் வெட்டுக்குள் ஆடாமல் உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். மெல்லிய முனை வழுக்கினால் பாலத்தில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) நிரந்தரமாகக் கீறல் விழும்.

4. பின்மூடியைத் திறப்பது

கோவளத்திலோ புதுச்சேரியிலோ கடலுக்குள் போய்வந்த வாட்ச் என்றால் பின்மூடியின் விளிம்பில் உப்பு உறைந்திருக்கும். மூடியிருக்கும்போதே ஈரமான மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து உலரவிடுங்கள். அழுக்கோடு திறந்தால் அந்த மணல் நேராகச் சக்கரங்களுக்குள் போகும்.

முதலில் ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் மூன்று நகம் வைத்த திருகி. மூடியின் மேல் டேப் ஒட்டிக்கொண்டால், நகம் வழுக்கினாலும் கோடு விழாது.

5. ஸ்டெம், முட்கள், டயல்

வாட்ச்சின் திருகி மூடும் சாவியைத் தளர்த்திவிட்டு, சாவியின் தண்டான ஸ்டெம்மை விடுவிக்கும் குட்டிப் பட்டனைத் தேடுங்கள். அதை லேசாக அழுத்தியபடி சாவியை இழுங்கள். பட்டனை ஆழமாகக் குத்துவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தப்பு. அப்படிக் குத்தினால் உள்ளே ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர் தன் இடத்தை விட்டு நழுவிவிடும். திரும்ப ஸ்டெம்மைப் போடும்போது சாவியும் ஏறாது, முள்ளும் நகராது. அதைச் சரிசெய்ய டயலையே கழற்ற வேண்டி வரும்.

மூவ்மென்ட்டை வெளியே எடுத்து ஹோல்டரில் வைத்ததும் ஸ்டெம்மைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும். மூன்று முட்களையும் 12-இல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, டயலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக நெம்பி எடுங்கள். டயலின் கால்களைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவையோ கிளிப்பையோ தளர்த்தினால் டயல் தானாக வரும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், எங்கேயோ இன்னும் பிடித்திருக்கிறது.

6. ரோட்டாரை எடுத்துவிட்டு விசையை இறக்குங்கள்

முதலில் ரோட்டார், அதாவது கை அசைவில் சுழன்று தானே சாவி கொடுக்கும் எடை; அப்புறம் அதன் கீழே இருக்கும் ஆட்டோமேட்டிக் தொகுதி. ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏற வைப்பவை அந்தத் தொகுதிக்குள் இருக்கும் இரண்டு ரிவர்சர் சக்கரங்கள்; அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டாரும் சேர்ந்து சுற்றுகிறது என்று யாராவது 2824-ஐக் கொண்டுவந்தால் பெரும்பாலும் இவற்றில் அழுக்கு சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தாராளமாக எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் உள்ளே இருக்கும் பற்களை ஒட்டவைத்துக் கோளாறைப் பெரிதாக்கும். கழுவிவிட்டு, அதற்கென்றே வரும் மெல்லிய பூச்சுத் திரவத்தில் முக்கி உலரவிட வேண்டும்.

இப்போது விசை. விசையைத் தேக்கி வைக்கும் மெயின்ஸ்பிரிங்கைச் சுற்றி வைத்த நிலையில் பிடித்திருப்பது, ராட்செட் என்ற பற்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கொக்கி. கிளிக் என்பார்கள். சாவியை இரு விரலால் கெட்டியாகப் பிடித்து ஒரு முடி அளவு முன்னால் திருப்புங்கள். கொக்கி தளரும். ட்வீசர் முனையால் அதைப் பல்லிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். சாவி விரலுக்குள் பின்னோக்கித் திரும்பத் துடிக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிடுங்கள். மொத்தமாக விட்டால் கொக்கியின் ஸ்பிரிங்கும் ராட்செட்டின் பற்களும் போகும்.

ஏன் இவ்வளவு கவனம்? ஒரு ஞாயிறு, ஒரு கல்லூரிப் பையன் விசையை இறக்காமலே, எஸ்கேப் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடும் பேலட் போர்க்கின் பாலத்தைத் தளர்த்திவிட்டான். சர்ரென்று ஒரு சத்தம்; ஒரு வினாடி கூட இல்லை. போர்க்கின் தடை விலகியதும் மெயின்ஸ்பிரிங்கின் முழு பலமும் சக்கரங்களைச் சுழற்றிவிட்டது. லென்ஸில் பார்த்தால் எஸ்கேப் சக்கரத்தின் அச்சில் ஒரு பக்க முனை இல்லை. தலைமுடி போல மெல்லிய அந்த முனை உடைந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். அந்தப் பையனின் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தனக்கு மேலே இருக்கும் படியை விட்டுவிட்டுக் கீழே போனதுதான் அவன் செய்த ஒரே தப்பு.

இறங்கிவிட்டதா என்று உறுதி செய்ய, அடுத்த படியில் பேலன்ஸை எடுத்த பிறகு பேலட் போர்க்கை மெல்லத் தட்டிப் பாருங்கள். மறுபக்கம் துள்ளிக் குதித்தால் விசை இன்னும் பாக்கி. சோம்பலாக நகர்ந்து அங்கேயே நின்றால் சரி.

7. பேலன்ஸ்

மொத்த வேலையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய இடம் இதுதான். பேலன்ஸ் பாலத்துக்கு ஒரே ஸ்க்ரூ. அதை எடுத்த பிறகு, பாலத்தின் ஓரத்தில் நெம்புவதற்கென்றே விட்டிருக்கும் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத் தூக்குங்கள். பாலத்தை ட்வீசரால் பிடித்து நேராக மேலே எடுக்கும்போது பேலன்ஸ் சக்கரம் ஹேர்ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு வரும்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். சக்கரம் கீழே எங்கேயாவது மாட்டியிருந்தால் ஸ்பிரிங் கோபுரம் மாதிரி நீளும். அப்படி நீண்டால் உடனே கீழே இறக்கி, பாலத்தை லேசாகத் திருப்பி விடுவித்து, மறுபடி எடுங்கள். இழுத்து எடுத்த ஸ்பிரிங் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. எடுத்ததும் பாலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரம் பாலத்தின் மேல் உட்காரும்படி தட்டில் வையுங்கள். நல்ல ஹேர்ஸ்பிரிங்கை மேலிருந்து பார்த்தால் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஒரே இடைவெளி தெரியும். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்றிருந்தால் யாரோ முன்பே கை வைத்திருக்கிறார்கள்.

8. மீதியைப் பிரித்துக் கழுவுவது

அடுத்து பேலட் பாலமும் போர்க்கும், அப்புறம் பேரலின் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் உருளை) பாலம், சக்கரங்களின் பாலம், சக்கரங்கள். ஒவ்வொரு பாலத்தையும் எடுக்கும் முன் போட்டோ எடுங்கள். அந்தந்தப் பாலத்தின் ஸ்க்ரூவை அந்தந்தப் பாலத்தோடு ஒரே குழியில் வையுங்கள், நீளம் வித்தியாசப்படும். தேதிப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பறக்கும் சுபாவம் உடையது. அதன் மேல் பிளாஸ்டிக் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள்.

நம் ஊரில் பெட்ரோலில் முக்கி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அழுக்கு போகும். ஆனால் காய்ந்த பிறகு மெல்லிய படலம் தங்கி, புது எண்ணெயைப் பரவவிட்டுவிடும். வாட்ச்சுக்கென்று விற்கும் கழுவு திரவத்தில் ஒரு முறை, அலசும் திரவத்தில் இரண்டு முறை என்பதே சரி. பேலட் போர்க்கின் சிவப்புக் கற்களையும் பேலன்ஸின் அடியில் இருக்கும் கல்லையும் ஒட்டியிருப்பது அரக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவிட்டால் அது கரையும். கல் நழுவும். இந்த இரண்டை மட்டும் ஆல்கஹாலில் போடவே போடாதீர்கள்.

கழுவிய பிறகு, கூராகச் சீவிய மரக்குச்சியைக் கல்லின் துளையில் வைத்துத் திருப்புங்கள். முனை கறுத்து வந்தால் புதிதாகச் சீவி மறுபடி செய்யுங்கள். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள்.

மெயின்ஸ்பிரிங்கைப் புதிதாக வாங்கிப் போடுவது நல்லது. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளி முனை பேரல் சுவரில் வழுக்கும்படி அமைந்திருக்கிறது. ரோட்டார் எவ்வளவு சுற்றினாலும் ஸ்பிரிங் அறுந்துபோகாமல் காப்பது அதுதான். அந்தச் சுவருக்கு பிரேக்கிங் கிரீஸ் என்று தனியாக உண்டு. சாதாரண எண்ணெய் வைத்தால் சீக்கிரமே வழுக்கி, முழுச் சாவி ஏறாது. 38 மணி நேரம் ஓட வேண்டிய 2824 ராத்திரியிலேயே நின்றுவிடும்.

9. மாட்டுவதும் எண்ணெய் வைப்பதும்

சக்கரங்களை வைத்துப் பாலத்தை மூடும்போது எல்லா முனைகளும் துளைக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். பாலத்தை விரல்நுனியால் மிக லேசாக அழுத்தியபடி ஒவ்வொரு சக்கரத்தையும் ட்வீசரால் அசைத்துப் பாருங்கள். எல்லாம் உட்கார்ந்ததும் பாலம் தானாக ஒரு இம்மி கீழே இறங்கும், விரலுக்கே தெரியும். ஸ்க்ரூவை முறுக்கிப் பாலத்தை உட்காரவைக்கப் பார்த்தால் முனை முறியும், இல்லாவிட்டால் கல் விரியும்.

போர்க்கை வைக்கும் முன் ஒரு சோதனை. சாவியை ஒரு பல், இரண்டு பல் மட்டும் ஏற்றுங்கள். சக்கரங்கள் எல்லாம் வழுவழுவென்று சுழன்று, நிற்கும்போது கொஞ்சம் பின்னோக்கித் திரும்பி நின்றால் எங்கேயும் உராய்வு இல்லை. திடீரென்று நின்றால் எங்கோ அழுக்கு இருக்கிறது. மேலே போகாதீர்கள், திறந்து பாருங்கள்.

எண்ணெயில் இரண்டு பொதுவான விதிகள். வேகமாகச் சுழலும் சக்கரங்களுக்கும் பேலன்ஸுக்கும் மோபியஸ் 9010 மாதிரி மெல்லியது. மெதுவாகவும் அதிக பாரத்தோடும் திரும்பும் பேரல், நடுச்சக்கரம் முதலியவற்றுக்குக் கெட்டியானது. பேலட் கற்களின் நுனிக்கு 9415 என்ற கிரீஸ். அது மோதும்போது இளகும், மற்ற நேரம் இறுகும், அதனால் இடத்தை விட்டு ஓடாது. பேலட் போர்க்கின் இரண்டு முனைகளுக்கு எண்ணெய் வேண்டாம். அது சுற்றுவதே இல்லை, கொஞ்ச தூரம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. எண்ணெய் இருந்தால் அதன் பிசுக்கே வீச்சைக் குறைக்கும்.

பேலன்ஸின் தாங்கு கல்லில் எண்ணெய் வைப்பதை நான் எல்லாரையும் உட்காரவைத்துக் காட்டுவேன். தட்டையான கல்லின் நடுவில் எண்ணெய்க் குச்சியால் ஒரு பொட்டு. துளையுள்ள கல்லை அதன் மேல் வைத்து லென்ஸில் பார்த்தால் உள்ளே ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம் கல்லின் அகலத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். விளிம்பைத் தொட்டால் எண்ணெய் வெளியே இழுக்கப்பட்டு நடுப்பகுதி காய்ந்துபோகும். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். இதற்காக மூன்று, நான்கு முறை கழுவினாலும் நேரம் வீணாகாது.

10. வேகத்தைச் சரிசெய்வது

ஓட ஆரம்பித்ததும் உடனே நெம்புகோலைத் தொடாதீர்கள். புது எண்ணெய் பரவி நிலைக்க ஒரு நாள் விடுங்கள். பிறகு முதலில் பீட் எரர், அதற்கு அடுத்து வேகம். பீட் எரரைத் திருத்தும்போது வேகமும் மாறும், அதனால் வரிசையை மாற்றினால் இரண்டு வேலை.

2824-இல் பேலன்ஸ் பாலத்தின் மேல் இரண்டு கைகள் இருக்கும். ஹேர்ஸ்பிரிங்கின் வெளி நுனியைப் பிடித்திருக்கும் கை பீட் எரருக்கு. ஸ்பிரிங் நுழைந்துபோகும் சின்ன முள்கரண்டி போன்ற கை வேகத்துக்கு. கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தால் அதிகமாக நகர்த்திவிட்டீர்கள். பீட் எரர் 0.5 மில்லி வினாடிக்குள் வந்தால் போதும். ஐந்து நிலைகளிலும் பார்த்து, கையில் கட்டியிருக்கும்போது அதிக நேரம் இருக்கும் நிலைகளின் சராசரி கொஞ்சம் முந்தும்படி வையுங்கள். சுவிஸ் நாட்டின் சி.ஓ.எஸ்.சி. குரோனோமீட்டர் சான்றுக்கு நாளைக்கு −4 முதல் +6 வினாடி வரை இடம் கொடுக்கிறார்கள். நம் மேசையில் +5 வந்தாலே நிறைவான வேலை.

11. மூடுவதும் தண்ணீர்ச் சோதனையும்

டயலை மாட்டிய பிறகு சாவியை இழுத்து நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். தேதி டக்கென்று மாறும் அந்த நொடியில் நிறுத்தி, மணி முள்ளை 12-இல் பொருத்துங்கள். வேறு எங்கே பொருத்தினாலும் தேதி மாலை ஏழு மணிக்கோ விடியற்காலையிலோ மாறும். முட்களை ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு, ஒன்றையொன்று உரசாமல் போகின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

பின்மூடி, சாவிக்குழாய், சாவி ஆகியவற்றின் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றுங்கள். பழையது வெளியே நன்றாகத்தான் தெரியும். ஆனால் நசுங்கிய வடிவத்திலேயே இறுகியிருக்கும். சிலிக்கோன் கிரீஸை விரலில் மினுக்குத் தெரியும் அளவு மட்டும் தடவுங்கள். ஏ.சி. அறையில் வாட்ச்சை ஒரு மணி நேரம் திறந்தே மூடி போட்ட தட்டில் வைத்திருந்து, பிறகு மூடுங்கள்.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் காற்றழுத்தச் சோதனைதான் செய்ய வேண்டும். அதில் கண்ணாடியோ மூடியோ எவ்வளவு வளைகிறது என்பதை வைத்தே கசிவு தெரிந்துவிடும், உள்ளே ஈரம் போகாது. அந்தக் கருவி இருக்கும் கடையில் கொடுத்துப் பாருங்கள். டைவ் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் குறைந்தது 100 மீட்டர் கேட்கிறது. எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் அதிக அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. இந்தச் சோதனை நடக்காத வரை, டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அதை மழையில் மட்டும் நனையும் வாட்ச்சாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் தேறியதும் வாட்ச்சை 40, 45 டிகிரி சூட்டில் ஒரு கால் மணி நேரம் வைத்து, கண்ணாடியின் மேல் அறை வெப்பத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்புறம் பனி பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மறுபடி திறந்து, வளையங்களைப் பார்த்து, உலர்த்தி மூட வேண்டும்.

பிறகு ஒரு வாரம் கையில் கட்டுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். நாளைக்கு மூன்று, நான்கு வினாடி முந்தினால் திறக்க வேண்டாம். டைம்கிராபரில் எந்த நிலையில் அது பிந்தியதோ, ராத்திரி கழற்றி வைக்கும்போது அந்த நிலையில் வையுங்கள். பகலில் முந்தியதை ராத்திரி தானே ஈடுகட்டிக்கொள்ளும்.